முத்து என்ற பெயரின் விலை

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து மன்னார் பசாரில் உள்ள எனது கடையைத் திறந்து சொற்ப நேரம்தான் ஆகியிருந்தது. லண்டனிலிருந்து வந்த ஒரு பிள்ளை கடைக்குள் நுழைந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் பேச்சில் முசலிப் பக்கத்து வாடை இருந்தது.

"அங்கிள், மன்னார் முத்து இருக்கா? உம்மம்மாவுக்குக் கொண்டுபோகணும். அவ சிலாவத்துறை. எங்கட கடல் முத்து ஒண்டு வாங்கிட்டு வா எண்டு சொல்லி அனுப்பினவ."

நான் பதில் சொல்வதற்கு முன் எனது மருமகன், என் ராத்தாவின் மகன், கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சரத்தை எடுத்து வெல்வெட் துணியில் வைத்துவிட்டான். "இது மன்னார் முத்துதான். கடைசிச் சரம்" என்றான். விலை 6,500 ரூபா. அந்தப் பிள்ளை பேரம் பேசவில்லை. காசைக் கொடுத்தது. இரு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டது. ஸலாம் சொல்லிவிட்டுப் போனது.

அந்தச் சரத்தைப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரியிடம் 600 ரூபாவுக்கு வாங்கியவன் நான்தான். அதில் முத்து ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் மணிக்குப் பளபளப்புப் பூச்சுப் பூசியது. இது எனக்குத் தெரியும், மருமகனுக்கும் தெரியும். பொய் சொன்னது அவன். காசுப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது நான். வியாபாரத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தில் மற்றவர்களின் வியாபாரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். இந்த வாரம் எனது கடையைப் பற்றி எழுதுவதே நியாயம்.

மருமகனின் வாதம்

அந்தப் பிள்ளை போன பிறகு அவனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதிலை ஒதுக்கிவிட முடியாது.

"மாமா, உண்மையான மன்னார் முத்து இப்ப யாருட்ட இருக்கு? இருந்தாலும் அத வாங்க யாருட்ட காசு இருக்கு? கூலி வேலை செய்யிறவன்ட மகளும் கலியாணத்துக்கு முத்து மாலை போட ஆசைப்படுறா. அறுநூறு ரூபா மால இல்லாட்டி அவ ஒண்டும் போட ஏலாது. பக்கத்துக் கடையிலயும் இதத்தான் விக்கிறாங்க."

இதில் பாதி சரி. போலியாகச் செய்த பொருள் எல்லாம் கெட்ட பொருள் அல்ல. பட்டு வாங்க முடியாதவர் பட்டுப் போன்ற துணி வாங்குகிறார். தங்கம் பவுன் இலட்சங்களில் விற்கும் காலத்தில் கவரிங் நகை எத்தனையோ குமர்களின் கழுத்தை வெறுமையாக விடாமல் காத்திருக்கிறது. போலி முத்தும் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஒரு மணி வியாபாரி, மீன் செதிலிலிருந்து எடுத்த மினுக்கத்தை மெல்லிய கண்ணாடி மணியின் உட்புறத்தில் பூசி, உள்ளே மெழுகை நிரப்பி, முத்துப் போன்ற ஒன்றைச் செய்து விற்றார். மீன் செதிலைக் குப்பையில் கொட்டும் நமது வாடிகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஐரோப்பாவில் பல தலைமுறைப் பெண்கள் அந்தக் கண்ணாடி மணிகளை அணிந்தார்கள். கண்ணாடி மணி என்று தெரிந்து வாங்கியவருக்கு அதில் எந்த நட்டமும் இல்லை.

ஆகவே போலியை விற்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எனது மருமகன் அந்தப் பிள்ளைக்கு விற்றது மணியை அல்ல. அவன் விற்றது "மன்னார் முத்து" என்ற பெயரை. அந்தப் பெயர் எங்களுடைய சொத்து அல்ல. அது யாருடையது என்பதை நான் அறிந்துகொண்டது புத்தளத்தில்.

புத்தளத்தில் ஒரு மோதிரம்

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு, கடை, தோணி, பள்ளி எல்லாம் பின்னால் நின்றன. எனது உம்மாவின் விரலில் ஒரு மோதிரம் மட்டும் இருந்தது. வெள்ளியில் பதித்த ஒற்றை முத்து. பயற்றம் பருப்பைவிடச் சற்றுப் பெரியது.

அந்த முத்தின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 1925ஆம் ஆண்டு முத்துக்குளிப்பின்போது உம்மாவின் பாட்டனார் சிப்பிக் குவியலில் ஒரு சிறு பங்கை வாங்கினார். நாற்றம் தாங்காமல் வீட்டார் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, அழுகிய சிப்பியைக் கழுவிப் பார்த்தபோது தூளும் துகளுமாகச் சில மணிகளும், நல்ல முத்து என்று சொல்லத்தக்க ஒன்றும் கிடைத்தன. அந்த ஒன்றுதான் மோதிரமானது.

1991இல் அகதி முகாமில் எனது தம்பிக்குக் காய்ச்சல் முற்றியபோது, உம்மா மோதிரத்தைக் கழற்றி என் கையில் தந்தார். ஊரில் ஒரு நகைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முத்தைப் பல்லில் உரசிப் பார்த்தார். நறநறத்தது. பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். "முத்துதான் தம்பி. ஆனா ஜப்பான் முத்து" என்றார். நான் 1925ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "நீ சொல்றது உண்மையா இருக்கலாம். நான் இத விக்கப் போற ஆளுக்கு யார் கதை சொல்றது?" என்றார். வெள்ளிக்கு ஒரு விலையும் முத்துக்கு ஏதோ ஒரு விலையும் போட்டுத் தந்தார். மருந்துக்குப் போதுமாக இருந்தது. அதற்கு மேல் இல்லை.

அவர் ஏமாற்றுக்காரர் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் கையில் எக்ஸ்ரே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், சந்தையில் முத்து என்ற பெயரில் புழங்குவதில் மிகப் பெரும்பாலானது வேறு ஒன்று என்பதுதான். ஆகவே எனது முத்தையும் அந்த வேறு ஒன்றின் விலைக்கே எடுத்தார். யாரோ, எங்கோ, எப்போதோ பெயரை மாற்றிச் சொல்லி விற்றதற்கான நட்டத்தை எனது உம்மா கட்டினார்.

ஜப்பான் முத்து வந்த கதை

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏனெனில் இது எமது கரையின் வரலாறும் ஆகும்.

அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலுக்கடியில் இருந்த சிப்பிப் படுக்கைகளை எமது ஆட்கள் 'பார்' என்பார்கள். ரோமர் காலத்திலிருந்து அறியப்பட்ட முத்து இந்த வளைகுடாவின் முத்து. பிரித்தானிய ஆட்சியின் முதலாவது ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கவென்றே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்புக் கடற்கரையில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிந்த சுவர்களைத்தான் நாம் அல்லிராணிக் கோட்டை என்கிறோம்.

1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்புப் பெரும் புகழ் பெற்றது. 300க்கும் மேற்பட்ட வள்ளங்கள், ஏறத்தாழ 5,000 சுழியோடிகள். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வந்தவர்களோடு பாரசீக வளைகுடாவின் அரபிகளும் இங்கே குளித்தார்கள். அந்த ஒரு பருவத்தில் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல். சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போனது. மறு வருடமே 20 ஆண்டுக் குத்தகைக்கு லண்டன் கம்பனி ஒன்று பார்களை எடுத்தது. சிப்பி பொய்த்தது. சில ஆண்டுகளில் கம்பனியைக் கலைக்க வேண்டியதாயிற்று. 1925க்குப் பிறகு அந்த அளவில் ஒரு முத்துக்குளிப்பு எமது கரையில் நடக்கவில்லை.

அதே காலத்தில் ஜப்பானில் வேறொன்று நடந்தது. நூடில்ஸ் விற்கும் குடும்பத்தில் பிறந்த மிகிமோட்டோ கோகிச்சி என்பவர் 1893இல் சிப்பிக்குள் பொருளை வைத்து அரைமுத்தை வளர்த்தெடுத்தார். பின்னர் அங்கேயே முழு உருண்டை முத்து வளர்க்கும் முறையும் கண்டுபிடிக்கப்பட்டது. சிப்பியைத் திறந்து, ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துண்டையும் உள்ளே வைத்துவிட்டால், சிப்பி தன் வழக்கப்படி அதன் மேல் படலம் படலமாகப் பூசுகிறது. 1920களின் தொடக்கத்தில் இந்த முத்து லண்டனுக்கும் பாரிஸுக்கும் வந்து இறங்கியபோது நகை வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். மோசடி என்றார்கள். பாரிஸில் வழக்கே நடந்தது. 1924இல் தீர்ப்பு மிகிமோட்டோவுக்குச் சாதகமாக வந்தது.

தீர்ப்பில் நியாயம் இருந்தது. வளர்ப்பு முத்தை உருவாக்குவதும் சிப்பிதான், பூசுவதும் அதே படலம்தான். தொடக்கம் மட்டும் மனிதன் கையால். இது பிளாஸ்டிக் அல்ல. ஆனால் விலை என்பது அரிதாகக் கிடைப்பதற்கும் சேர்த்துக் கொடுப்பது. ஆயிரம் சிப்பி திறந்து ஒன்று கிடைக்குமா என்று தெரியாத பொருளும், பண்ணையில் எண்ணி வளர்க்கும் பொருளும் ஒரே பெயரில் சந்தைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1917இல் நியூயோர்க்கில் கார்ட்டியே நகை நிறுவனம், 100 டொலர் காசும் பத்து இலட்சம் டொலர் மதிப்பிட்ட இரட்டைச் சர இயற்கை முத்து மாலையும் கொடுத்து ஐந்தாம் அவெனியூவில் ஒரு மாளிகையை வாங்கியது. அதே மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டொலர்தான். மாளிகை இன்றும் கார்ட்டியேயின் கடையாக இருக்கிறது.

அந்த மாலைக்காரர் பணக்காரர், தாங்கிக்கொண்டிருப்பார். குவைத்திலும் பஹ்ரைனிலும் முத்தையே நம்பி வாழ்ந்த சுழியோடிகள் தாங்கவில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பான் முத்தும் சேர்ந்து அவர்களுடைய வள்ளங்களைக் கரையேற்றிவிட்டன. பிற்பாடு எண்ணெய் வந்து அவர்களைக் காத்தது. எமது கரைக்கு எண்ணெய் வரவில்லை.

எமது முன்னோர் வைத்த பெயர்கள்

ஜோர்ஜ் அகெர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே முக்கிய காரணம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார் வியாபாரம். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது. அவர் விலகிக்கொள்வார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டைக் கார்கள்தான். புத்தளத்து நகைக் கடையில் நான் கற்றதும் இதே பாடம்தான், நோபல் பரிசு இல்லாமல்.

இதற்கு மருந்து என்ன? எமது கரையின் பழைய முத்து வியாபாரிகள் அதை அறிந்திருந்தார்கள். அவர்களிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. பெரிய துளையிலிருந்து சிறிய துளைவரை ஒன்றன்பின் ஒன்றாக முத்தைச் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு உருண்டையையும் மினுக்கத்தையும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பெயர். உச்சியில் இருப்பது ஆணி. அடியில் இருப்பது தூள். தூளையும் அவர்கள் வீசிவிடவில்லை, விற்றார்கள். ஆனால் தூள் என்று சொல்லி விற்றார்கள். ஆணி வாங்க வந்த கீழக்கரை மரைக்காயரும் தூள் வாங்க வந்த வைத்தியரும் ஒரே வாடியில் உட்கார்ந்து வியாபாரம் பேச முடிந்தது அதனால்தான்.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்த தானியத்தை விற்காதே என்று அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்றே கேட்கப்பட்டது. ஈரத் தானியத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை ஈரத் தானியம் என்ற பெயரில் விற்க வேண்டும்.

உலக முத்து வர்த்தகமும் வழக்குகளும் நட்டமும் பட்ட பின்னர் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் நகை வழிகாட்டிகளின்படி, முன்னே எந்த அடைமொழியும் இல்லாமல் முத்து என்ற சொல்லை இயற்கை முத்துக்கு மட்டுமே பாவிக்கலாம். வளர்ப்பு என்றால் வளர்ப்பு என்றும், செயற்கை என்றால் செயற்கை என்றும் கூடவே எழுத வேண்டும். பஹ்ரைன் இன்னும் கண்டிப்பாக, வளர்ப்பு முத்து விற்பனையையே நெடுங்காலம் தடுத்து வைத்து இயற்கை முத்தின் பெயரைக் காத்தது. அதன் பழைய முத்துக்குளிப்பு ஊர்ப் பகுதிகள் 2012இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. மிகிமோட்டோவும் இதை அறிந்தவர்தான். 1932இல் கோபே நகரில் தரங்குறைந்த வளர்ப்பு முத்துக்களைக் குவித்து ஊர் பார்க்க எரித்தார். தன் பொருளின் பெயரைத் தானே காக்காவிட்டால் வேறு யாரும் காக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பவும் அந்தப் பிள்ளையிடம்

அன்று மஃரிபுக்குப் பிறகு அந்தப் பிள்ளை தங்கியிருந்த விடுதியைத் தேடிப் போனேன். சிறிய ஊர், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. 6,500 ரூபாவை மேசையில் வைத்தேன். "மகள், நாங்க விற்றது முத்து இல்ல. பிளாஸ்டிக். தெரிஞ்சுதான் விற்றம். மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். வயதான ஒருவன் இப்படி நின்று சொல்வது அந்தப் பிள்ளைக்குத்தான் கூச்சமாக இருந்தது. காசை எடுத்துக்கொண்டு சரத்தைத் திருப்பித் தந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டது. "அப்ப உம்மம்மாவுக்கு நான் உண்மையா எதைக் கொண்டுபோறது, அங்கிள்?"

நான் யோசித்துச் சொன்னேன். நாளைக்குச் சிலாவத்துறை பஸ்ஸில் ஏறுங்கள். அரிப்பில் அல்லிராணிக் கோட்டைக்குக் கீழே கடற்கரையில் நடங்கள். மணலுக்குள் பழைய சிப்பி ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். உள்பக்கம் இன்னும் மினுங்கும். உங்கள் உம்மம்மாவின் வாப்பா காலத்து ஆட்கள் திறந்து எறிந்த சிப்பிகளாகவும் இருக்கலாம். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். விலை இல்லை.

இரண்டு கிழமை கழித்து லண்டனிலிருந்து தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிப்பித் துண்டு. கீழே ஒரு வரி: உம்மம்மா யாருக்கும் தொட விடமாட்டேன் என்கிறார்.

எனது கடையில் இப்போது மூன்று தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் சீனாவிலிருந்து வரும் நன்னீர் வளர்ப்பு முத்து. அதில் "வளர்ப்பு முத்து, சீனா" என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் "செயற்கை முத்து, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்". மூன்றாவது தட்டு வெறுமையாக இருக்கிறது. அதில் "மன்னார் முத்து" என்று எழுதி வைத்திருக்கிறேன். என்ன நானா, தட்டு வெறுமையா இருக்கு என்று கேட்பவர்களுக்கு 1905, 1925 கதையைச் சொல்கிறேன்.

விற்பனை கூடியதா என்று வாசகர்கள் கேட்பீர்கள். இல்லை, குறைந்தது. முதல் மாதம் பாதியாகக் குறைந்தது. இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. மருமகன் இரண்டு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் செயற்கைத் தட்டிலிருந்து கலியாணத்துக்கு மாலை எடுக்கும் ஏழைப் பெற்றோர் இன்னும் வருகிறார்கள். அவர்கள் ஒருபோதும் பெயரை வாங்க வந்தவர்கள் அல்ல. மருமகனின் வாதத்தில் சரியாக இருந்த பாதி அப்படியே பிழைத்திருக்கிறது. பிழைக்காமல் போனது மற்றப் பாதி மட்டும்தான்.

முத்தோடு நிற்கும் விடயம் அல்ல

முத்துப் போய்விட்டது, இனி என்ன என்று சிலர் நினைக்கலாம். மன்னாருக்கு இன்னும் சில பெயர்கள் மிச்சமிருக்கின்றன. மன்னார்க் கருவாடு, மன்னார்ப் பனங்கட்டி. 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வெளியூரார் இவற்றைக் கேட்டே வருகிறார்கள். பனங்கட்டியில் சீனி கலந்தவையும் சந்தைக்கு வருகின்றன என்பதை வியாபாரி எவரும் மறுக்கமாட்டார். வேறெங்கோ உலர்த்திய கருவாட்டை இங்கே பொதி மாற்றி மன்னார்க் கருவாடு என்று கட்டுவதும் நமக்குத் தெரிந்ததுதான். சீனி கலந்த கட்டியை விற்பதில் குற்றமில்லை. சீனி கலந்தது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும். சொல்லாமல் விற்கும் ஒவ்வொரு கட்டியும், விடியற்காலையில் மரமேறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சும் குடும்பத்தின் விலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. அந்தக் குடும்பம், 1991இல் மோதிரத்தோடு நகைக் கடையில் நின்ற என்னைப் போன்றது.

கறுவா வியாபாரிகளைப் பாருங்கள். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது கசியா என்ற வேறு மரத்தின் தடித்த பட்டை. இலங்கைக் கறுவா மெல்லியது, சுருளாக உருட்டியது. எமது உற்பத்தியாளர்கள் கசியாவைத் தடை செய்யக் கேட்கவில்லை. தங்கள் பெயரைத் தங்களுக்குத் தரும்படி கேட்டார்கள். 2022இல் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. கறுவாவுக்கு முடிந்தது கருவாட்டுக்கும் பனங்கட்டிக்கும் முடியாதது அல்ல. ஆனால் வெளியாரிடம் போய்ப் பெயருக்குப் பாதுகாப்புக் கேட்பதற்கு முன், அந்தப் பெயரை நாமே கெடுக்காமல் இருக்க வேண்டும்.

எமது வர்த்தகச் சகோதரர்களிடம் எனது வேண்டுகோள் பெரிதல்ல. பற்றுச்சீட்டில் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதுங்கள். இயற்கை, வளர்ப்பு, செயற்கை. கலந்தது, கலக்காதது. மன்னார், மன்னாரல்லாதது. பொய்யான விபரத்தோடு பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எப்படியும் தடுக்கிறது. அதிகாரி வந்து எழுதச் சொல்லும் முன்பு நாமாக எழுதினால் அது மரியாதை. வாங்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'ஒரிஜினல்தானே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதிலைத் தவிர வேறு பதிலை எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. 'இது என்ன, எங்கிருந்து வந்தது, பில்லில் எழுதித் தருவீர்களா?' என்று கேளுங்கள்.

உம்மா மௌத்தாகி ஒன்பது வருடங்கள். அந்த மோதிரம் இன்று யார் விரலில் இருக்கிறதோ, அதை ஜப்பான் முத்து என்றே நம்பிக்கொண்டிருப்பார். அதை என்னால் மாற்ற முடியாது. எனது கடையில் நாளை விற்கும் சரத்தின் பெயரை மாற்ற முடியும். சனிக்கிழமை காலை கடை திறந்ததும் மருமகன் வெறுமையான மூன்றாவது தட்டையும் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை மௌனமாக இருந்ததில் எனக்கு வெட்கமில்லை.